மூன்று எண்களில் பெரியது

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் கொழுந்தன். நான் மருமகளாக இந்த வீட்டுக்குள் வந்தபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. பிறகு மீசை முளைத்தது, அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது, இப்போது பென்ஷனும் வாங்குகிறான். புத்தி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. சோறு போட்டது மட்டும்தான் நான்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். மலையாள ஊரில் குடியிருப்பதால் மலையாளத்தில் பஸ் போர்டு தெரியும். இங்கிலீஷ் எனக்குக் கோலம் மாதிரி. வளைவும் சுழியும் கண்ணுக்குத் தெரியும், என்ன சொல்கிறது என்று தெரியாது. ஆனால் எண் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் நாற்பது வருடம் ரவிக்கை தைத்தவள் நான். என் கழுத்தில் இஞ்சு டேப் கிடந்த நேரம் தாலி கிடந்த நேரத்துக்குக் குறையாது.

என் வயதுக்காரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கோயில் நடையிலும் கல்யாண மண்டபத்திலும் கண்டால் நாம் பேசுவது பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தைத்தான். பேசுவதில் பாதி பொய். என் மகன் பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டரில் புலி என்கிறீர்கள். எந்தப் புலி எந்தக் கூண்டில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கூண்டுக்குத் துணி தைத்துக் கொடுத்தவளே நான்தான்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கடைக்குட்டி பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கி, கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர்ந்தாள். ஊருக்கே கம்ப்யூட்டர் பேய் பிடித்திருந்த காலம் அது. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்ப எழும்ப, சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் கேட்டு அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் துணிக்கடையில் மீட்டர் கணக்குக்குத் துணி கிழிக்கிறவர். அவரும் வரிசையில் நின்றார். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். எல்லாம் அதிலே இருக்கு என்றார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. நின்றிருந்த யாருக்கும் தெரியாது.

சேர்ந்த முதல் மாதமே பெற்றோர் கூட்டம் போட்டார்கள். கம்ப்யூட்டர் சார் எழுந்து, அறையில் பதினாலு கம்ப்யூட்டர் இருக்கிறது, தூசி விழாமல் மூடித் துணி வேண்டும் என்றார். இங்கிலீஷ் பேசுகிற அம்மாமார்கள் தரையைப் பார்த்தார்கள். நான் டேப்போடு போனேன். செருப்பை வாசலில் கழற்றச் சொன்னார்கள். கோயிலில்கூட அவ்வளவு கண்டிப்பு கிடையாது. செருப்புத் தூசி பட்டால் கம்ப்யூட்டருக்குச் சீக்கு வந்துவிடும் என்று ஒருவர் சொல்ல எல்லோரும் தலையாட்டினார்கள். உள்ளே ஏசிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. புது பிளாஸ்டிக் மணமும், மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் கால் மணமும் கலந்து ஒரு நாற்றம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் பெரிய முகம், பின்பக்கம் கூன். முகம் பதினைந்து இஞ்சு, கூன் பத்து. கூனுக்குத் தக்கபடி பிளீட் வைத்து, மெரூன் துணியில் பதினாலு உறை தைத்தேன். அவ்வளவு பொருத்தமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு எதுவும் இருந்ததில்லை.

உறை போட்ட நேரம்தான் அதிகம். வாரத்துக்கு இரண்டு தடவை திறப்பார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள். எழுத்துப் பலகையின் முன்னால் ஒரு பையன் உட்காருவான், பக்கத்தில் இன்னொரு பையன், மூன்றாவது முக்காலியில் என் மகள். நீங்கள் சொல்கிற புலிகள் அவர்கள்தான். இரண்டு விரலால் தேடித் தேடி அடிப்பார்களாம். அடித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். முதல் வருடம் முழுக்க என் மகள் அந்தப் பலகையைத் தொட்டது ஒன்பது தடவை. அவள் எண்ணி வைத்திருந்தாள்.

தொடாமலேயே அவள் படித்தாள். அதைத்தான் சொல்ல வருகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காப்பியை எடுத்துக்கொண்டு, என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் துணிக்கட்டின்மேல் உட்காருவாள். அன்றைக்கு நடந்ததை எனக்குச் சொல்லுவாள். எனக்கு என்ன புரியும் என்று அவள் யோசித்ததே இல்லை. நான் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன். கம்ப்யூட்டருக்கு நாம்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், சொன்னதை அப்படியே செய்யும், சொல்லாததைச் செய்யாது என்றாள். அப்படியானால் அது உன் சித்தப்பாவைவிடப் பரவாயில்லை என்றேன். அவள் காப்பி சிந்தச் சிரித்தாள்.

இரண்டாவது வருடம் ரெக்கார்டு வந்தது. ரெக்கார்டு என்றால் பாட்டுத் தட்டு இல்லை. தடித்த அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டு. வலது பக்கம் கோடு போட்டிருக்கும், அதில் புரோகிராமைக் கையால் எழுத வேண்டும். இடது பக்கம் வெள்ளை. அதில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, கம்ப்யூட்டர் என்ன பதில் காட்டியதோ அதை அதற்குள் கையாலேயே எழுத வேண்டும். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இரண்டு மாதம் உட்கார்ந்து, கை வீங்க, பேனாவால் எழுதினார்கள். இதைக் கேட்டு நான் மெஷினை நிறுத்திவிட்டேன். மெஷின் தையலைக் கையால் படம் வரைந்து காட்டச் சொன்னால் எந்தத் தையல்காரி வரைவாள்?

அந்த நோட்டில் சார் ஒவ்வொரு பக்கமும் ஒப்பிட வேண்டும், அதாவது கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் முதல் பக்கத்தில் பெரிய ஒப்பு ஒன்று, பள்ளிக்கூட முத்திரையோடு. அது இல்லாவிட்டால் செய்முறைப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். பரீட்சைக்கு வெளிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் வருவார். அவர் பெயர் எக்ஸ்டர்னல். எமன் வருகிறான் என்றால்கூட அந்தச் சார் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

பிள்ளைகள் யோசித்து எழுதுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. சாரின் அலமாரியில் ஒரு மாதிரி ரெக்கார்டு இருந்தது. முதல் செட்டில் படித்த ஒரு பிள்ளை எழுதியது. ஐந்தாறு வருடமாக எல்லாச் செட்டும் அதைப் பார்த்தே எழுதியது. ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு அது வந்தபோது ஓரமெல்லாம் எண்ணெய் ஏறி, பப்படம் மாதிரி வளைந்திருந்தது. யாரோ ஒரு பக்கத்தில் சாம்பார் சிந்தியிருந்தார்கள்.

என் மகள் எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். மூன்று எண் கொடுத்தால் அதில் பெரியது எது என்று சொல்லும் புரோகிராம். கொடுத்த எண்கள் பதினேழு, நாற்பத்திரண்டு, இருபத்தொன்பது. பென்சில் கட்டத்துக்குள் பதில்: பெரியது இருபத்தொன்பது.

நோட்டை என் முன்னால் நீட்டி, எம்மா, இதுல பெரிசு எது என்றாள். எழுத்து எனக்குக் கோலம்தான், எண் எண்தானே. நாற்பத்திரண்டு என்றேன். ஐந்தாறு செட்டு பிள்ளைகள், இங்கிலீஷ் படித்தவர்கள், வருடத்துக்கு நாற்பது பேர், அத்தனை பேரும் இருபத்தொன்பது என்று எழுதி, அத்தனைக்கும் அந்தச் சார் ஒப்பிட்டிருக்கிறார். நாற்பத்திரண்டு இஞ்சுக்காரி யாரும் என்னிடம் வந்து இருபத்தொன்பதில் ரவிக்கை கேட்டதில்லை.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்றேன். அவள் இல்லை என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில், சாப்பாட்டு மணியில், அதை அப்படியே கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தாள். பத்தாவது தடவையாகப் பலகையைத் தொட்டது அன்றுதான். கம்ப்யூட்டரும் இருபத்தொன்பது என்றே காட்டியது.

அன்று சாயங்காலம் என் வெட்டுத் துணியிலிருந்து மூன்று நாடாக்களை அளந்து வெட்டினாள். பதினேழு இஞ்சு, நாற்பத்திரண்டு இஞ்சு, இருபத்தொன்பது இஞ்சு. தரையில் விரித்தாள். முதல் நாடாவோடு இரண்டாவதை வைத்துப் பார். இரண்டாவது நீளம். சரி, அது ஜெயித்தது. இப்போது மூன்றாவதை ஜெயித்ததோடுதானே வைத்துப் பார்க்க வேண்டும்? அந்தப் புரோகிராம் எழுதிய பிள்ளை மூன்றாவதையும் முதல் நாடாவோடுதான் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. பதினேழைவிட இருபத்தொன்பது நீளம். உடனே இருபத்தொன்பது ஜெயித்தது என்று கம்ப்யூட்டர் எழுதிவிட்டது. நாற்பத்திரண்டு ஒரு ஓரத்தில் கிடக்கிறது. சொன்னதை அப்படியே செய்யும் என்றாளே, அதுதான்.

எனக்குப் புரிந்தது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு யாருக்கும் அவள் நாடா வெட்டிக் காட்டவில்லை. எனக்குக் காட்டினாள், எனக்குப் புரிந்தது.

அவள் ஒரே ஒரு வரியில் ஒரு சொல்லை மாற்றினாள். கம்ப்யூட்டர் நாற்பத்திரண்டு என்றது. அதையே தன் ரெக்கார்டில் எழுதினாள். பென்சில் கட்டத்தின் மூலைகளை வளைத்து, கம்ப்யூட்டரின் முகம் மாதிரியே அழகாக வரைந்திருந்தாள்.

சார் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுக்கப் போனார். கோடு இழுத்தால் அசிங்கமாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, பேனாவை மூடிவிட்டு, மாதிரியில் உள்ளதுபோல எழுதிக்கொண்டு வா, அப்புறம் ஒப்பிடுகிறேன் என்றாராம். இவள் விளக்கினாளாம். அவர் கேட்கவில்லையாம். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது.

வீட்டில் சபை கூடியது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் சொன்னான். ஆபீசில் இருபது வருடம் பேனா உருட்டிய அனுபவத்தில் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னான்:

“மைனி, இதுல ஒரு பிரஸ்னமும் இல்ல. முன்னே எப்படிப் போச்சோ அப்படியே போட்டும். ஃபைல்ல புதுசா ஒண்ணு எழுதினாத்தான் மேலேயிருந்து கேள்வி வரும்.”

“நாப்பத்திரண்டுதானே சித்தப்பா பெரிசு?” என்றாள் இவள்.

“யாரு இல்லேன்னா? பெரிசு அதுதான். எழுத வேண்டியது இது.”

இப்படிப்பட்ட ஆட்கள் ஆயிரக்கணக்கில் காலையில் குடையும் சோற்றுப் பாத்திரமுமாகப் போய் நடத்துகிற ஊர் இது. ஓடைகூட மேல்நோக்கி ஓடாததுதான் ஆச்சரியம். நான் அவனை எழுந்து போய்க் குளிக்கச் சொன்னேன். மகளிடம், நீ மாற்ற வேண்டாம், நான் போய்ப் பேசுகிறேன் என்றேன்.

போனேன். கம்ப்யூட்டர் அறையின் வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. சார் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்களைப் போன்றவர்களிடம் பேசுகிற பாதித் தமிழில் அவர் சொன்னார்:

“அம்மே, கம்ப்யூட்டர்தான் இருபத்தொன்பதுன்னு காட்டுது. மனுஷனுக்குத் தெற்று பற்றும், கம்ப்யூட்டருக்குப் பற்றாது.”

“சாரே, நாப்பத்திரண்டு உடம்புக்கு நான் இருபத்தொன்பதுல ரவிக்கை தைச்சுக் கொடுத்துட்டு, மெஷின் தைச்சது, மெஷினுக்குத் தப்பு வராதுன்னு சொன்னா, அவ போட்டுக்கிட்டுப் போவாளா?”

குளிர் அறைக்குள் அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். நாற்பது ரெக்கார்டும் ஒரேபோல இருந்தால் எக்ஸ்டர்னல் புரட்டிவிட்டு மூடிவிடுவார். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் நின்று பார்ப்பார். ஏன் வேறு என்று கேட்பார். அப்புறம் மற்ற முப்பத்தொன்பதையும் பார்ப்பார். பழைய வருடத்து ரெக்கார்டுகளையும் கேட்பார். இதைச் சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து அந்த எண்ணெய் ஏறிய மாதிரி ரெக்கார்டை எடுத்து என் கையில் வைத்தார். இதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள், திங்கட்கிழமைக்குள் வந்தால் ஒப்பிடுகிறேன், இல்லையென்றால் என் கையில் இல்லை என்றார்.

அவர் பௌதிகம் படித்தவர், ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் சார் ஆனவர், வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிய வந்தது. தெரிந்து என்ன? பயந்தவன் பாவம் என்று சொல்லுகிற ஈரமனசு எனக்குக் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாற்பது பிள்ளைகளின் வாயையும் சேர்த்து மூடினார்.

ஆனால் அந்த நோட்டை நான் கையில் வாங்கிக்கொண்டேன். திருப்பி அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்திருக்கலாம். முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு கிழக்கே கோட்டை வழியாக நடந்து வந்தேன். வழியெல்லாம் ஒரே கணக்கு ஓடியது. ஒப்பு இல்லை, பரீட்சை இல்லை. பரீட்சை இல்லை, கம்ப்யூட்டரில் தோல்வி. இரண்டு வருடம் மூன்றாவது முக்காலியில் உட்கார்ந்தது வீண். அவளோடு பத்தாம் வகுப்பு படித்த ஒருத்திக்கு அந்த மாதம்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா ஏற்கெனவே ஒரு ஜாதகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை வந்து போயிருந்தாள். பிளஸ் டூ தோற்ற பெண்ணுக்கு எங்கள் ஆட்களிடம் வேறு வழி என்ன இருந்தது, சொல்லுங்கள். நீங்களும் அதே கணக்குத்தான் போட்டிருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ரெக்கார்டை மாற்றி எழுதச் சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சதை என் கையால எழுதமாட்டேன் என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. அது என் பிடிவாதம், என் வயிற்றிலிருந்து போனது. அதோடு விட்டேன்.

சனிக்கிழமை காலையில் அவள் கூடப் படிக்கிற கூட்டுக்காரி வீட்டுக்குப் படிக்கப் போனாள். நான் உள்கதவைத் தாழ் போட்டேன். இரண்டு ரெக்கார்டையும் மெஷின் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். தையல் பிரிக்க நான் வைத்திருந்த பாதி பிளேடு, ஒரு முனையில் துணி சுற்றியது, அதை எடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்றேன் இல்லையா. பூவேலைக்கு மாதிரி எடுக்கிறவளுக்கு எந்தப் பாஷையும் தெரிய வேண்டாம். எந்த இடத்தில் வடிவம் மாறுகிறது என்று பார்த்தால் போதும். ஒரு வரியில் மூன்று எழுத்து இருந்த இடத்தில் மாதிரியில் ஒரே எழுத்து. சுரண்டினேன். மை மாவாக உதிர்ந்தது. மை ஊறாமலிருக்க நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அவளுடைய பேனாவாலேயே, மாங்காய்ப் புட்டா போடுகிறதுபோல, அந்த ஒரு எழுத்தை வைத்தேன். பிறகு இடது பக்கம். பென்சில் கட்டத்துக்குள் நாற்பத்திரண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு இருபத்தொன்பதை வைத்தேன்.

வேலை சுத்தம். தள்ளிவைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

அவள் வந்ததும், சாரிடம் பேசியாயிற்று, உள்ளபடியே ஒப்பிடுவார், ரெக்கார்டை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்படி அவள் என்னை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “எம்மா, நீ சாரையே சமாளிச்சுட்டியே” என்றாள். அன்று சாயங்காலம் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து வெகுநேரம் பேசினாள். என்ஜினியரிங் படிப்பேன் என்றாள். நான் மிதித்துக்கொண்டே, ஆமாம், ஆமாம் என்றேன். அவள் கொடுத்த பெருமையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சந்தோஷமாகவே வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சார் ஒப்பிட்டார். முத்திரையும் விழுந்தது. ரெக்கார்டுகளை எல்லாம் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பரீட்சை நாள்வரை அவள் அதைக் காணவில்லை.

பரீட்சையில் என்ன நடந்தது என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. அவளுடைய கூட்டுக்காரி, அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரி, பிறகு சொன்னாள். எக்ஸ்டர்னல் ஒரு வயதான மனிதர். ஒவ்வொரு பிள்ளையின் ரெக்கார்டையும் புரட்டிப் புரட்டி மூடிக்கொண்டே வந்தார். என் மகளுடையதைப் புரட்டும்போது ஒரு தாள் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக நின்றது. சுரண்டின இரண்டு இடத்தில் மட்டும் தாள் மெலிந்து வெளிச்சம் அடித்தது. அவர் நிறுத்திவிட்டார். மற்ற முப்பத்தொன்பது ரெக்கார்டிலும் தப்பு இருந்தது, வெளிச்சம் அடிக்கவில்லை. என் மகளுடையதில் நான் சுத்தமாகச் செய்த வேலை காட்டிக் கொடுத்தது.

இங்கே முன்னால் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாராம். இவள் அந்தப் பக்கத்தை அப்போதுதான் பார்க்கிறாள். தாளைத் தானும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாளாம். பிறகு நாற்பத்திரண்டு என்றாள். எது சரி? நாற்பத்திரண்டு. அப்படியானால் ஏன் மாற்றினாய்? நானே மாற்றினேன் சார் என்றாளாம்.

அந்தப் பெரியவர் இன்னொரு ரெக்கார்டை எடுத்துப் பார்த்தார். இருபத்தொன்பது. இன்னொன்று. இருபத்தொன்பது. கம்ப்யூட்டர் சாரைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு பேரும் சாயா குடித்துவிட்டு வந்தார்கள். வந்து மற்ற எல்லோருக்கும் ரெக்கார்டுக்கு முழு மார்க்கு. சுரண்டித் திருத்தியதற்காக என் மகளுக்கு மட்டும் பாதி. அடுத்த வருடமும் மாதிரி ரெக்கார்டு அதே அலமாரியிலிருந்துதான் வந்தது என்று கேள்வி.

பாதி மார்க்கு போனாலும் அவள் ஜெயித்தாள். நுழைவுத் தேர்வு எழுதி என்ஜினியரிங்கும் போனாள். நான் எந்த மார்க்குக்குப் பயந்து பிளேடை எடுத்தேனோ, அந்த மார்க்கை அதற்குப் பிறகு இந்த உலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பரீட்சை முடிந்து வந்தவள் கை கால் கழுவினாள். அடுக்களைக்கு வந்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சாரைத் திட்டுவதற்கு வாய் நிறைய வைத்துக்கொண்டிருந்தேன், கொழுந்தனையும் சேர்த்து. அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று, சாதாரணமாகத்தான் சொன்னாள்:

“எம்மா, சாருக்குத் தெரியாது. எழுதின பிள்ளையளுக்கும் தெரியாது. சித்தப்பா நாடா வச்சுப் பார்க்கல. உனக்குத் தெரியும்லா.”

அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. சாப்பிட்டாள், படித்தாள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. துணிக்கட்டின்மேல் மட்டும் வந்து உட்காரவில்லை. காலேஜில் என்ன படித்தாள், ஆபீசில் என்ன செய்கிறாள், எனக்குத் தெரியாது. கேட்டால், வேலைதான் அம்மா என்பாள். அவளுக்குக் கீழே முப்பது பேர் இருப்பதாகக் கொழுந்தன் சொல்லித்தான் தெரியும்.

என் வயதுக்காரிகளே, அந்தச் சாரை நான் இன்றைக்கும் மதிக்கவில்லை. சாயா குடித்த எக்ஸ்டர்னலை மதிக்கவில்லை. என் கொழுந்தனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் புலிகளையும் மதிக்கவில்லை. முப்பத்தொன்பதில் ஒன்றுகூட இருபத்தொன்பதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி அளந்து பார்த்தால் யார் கட்டை என்று இத்தனை வருடம் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த வரிசையில் என்னை நிறுத்தியதில்லை. நிறுத்தினால் நான்தான் கட்டை. அவர்கள் அளந்து பார்க்கவில்லை. நான் அளந்து பார்த்துவிட்டுச் சுரண்டினேன்.

மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. அது என் வாயில் வராது, எழுபத்து நாலு வயதில் பழக்கவும் முடியாது. அதனால்தான் இதைச் சொல்லி எழுத வைத்தேன்.

மக்களே, பேரப்பிள்ளையே, கம்ப்யூட்டரில் அடித்தது போதும். பிளேடு வந்த இடத்தில் நீ கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். பார்க்க ஒன்றுமில்லை. இப்போது முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு, கொஞ்சம் சத்தமாக. உன் சின்னத் தாத்தாவைப் பற்றியும் அந்தச் சாரைப் பற்றியும் சொன்னதை வேகமாக வாசித்துவிட்டுப் போ, அதில் ஒன்றுமில்லை. சனிக்கிழமை வரும்போது மெதுவாக வாசி. கழக்கூட்டத்து ஆபீசிலிருந்து உன் அம்மா வருகிற நேரம்தான் இது. வாசலில் கேட் சத்தம் கேட்டால் நிறுத்தாதே.